மூக்கன் தண்டைத் தொடாத நாள்

ஆய்வுக்கூடத்தில் அவளைக் கீரைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் வருடம் அது கேலியாக இருந்தது. இரண்டாம் வருடம் பழகிப்போயிற்று. மூன்றாம் வருடத்தில் தொலைபேசியை எடுத்ததும் அவளே "கீரைக்காரி பேசறேன்" என்று சொல்லத் தொடங்கியிருந்தாள். மற்றவர்கள் மடிக்கணினிப் பையோடு வேலைக்கு வந்தால், இவள் இரண்டு தோளிலும் சாக்குப் பை தொங்க, மாடிப்படி நெடுக மண் உதிர்த்துக்கொண்டு வருவாள். பைக்குள் பருப்புக்கீரை. நடைபாதைக் கல் இடுக்கு எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் யாரையும் கேட்காமல் முளைக்கிற, கொழுத்த சின்ன இலையும் சிவந்த தண்டும் உள்ள அதே கீரைதான்.

இலைகளைக் கிள்ளி, கழுவி, நிழலில் உலர்த்தி, பொடித்து, சாராயமும் தண்ணீரும் கலந்த நீரில் ஒரு நாள் ஊறவைப்பாள். வடிகட்டியதைச் சுழலும் குடுவையில் ஊற்றி மெல்லச் சூடாக்கினால் சாராயம் ஆவியாகிப் போய்விடும். மிஞ்சுவது தார் மாதிரி ஒரு கரும்பச்சைக் குழம்பு. பத்து கிலோ கீரைக்கு ஒரு சின்ன பாட்டில். அந்த பாட்டிலைத்தான் அவள் மூன்று வருடமாகக் கண்ணுக்குள் வைத்துக் காத்துவந்தாள். இலை மட்டும் போதும் என்பதால் தண்டெல்லாம் குப்பைத் தொட்டிக்குப் போகும்.

எதற்காக இத்தனை பாடு என்று கேட்டால், அவள் முதலில் உங்களை உட்காரச் சொல்வாள். பிறகு கல்லீரலில் ஆரம்பிப்பாள்.

சாதாரண வலி மாத்திரை ஒன்றை விழுங்குகிறோம். வேலை முடிந்த மருந்தைச் சீட்டு ஒட்டி, பொதி கட்டி, சிறுநீர் வழியே வெளியே அனுப்புவது கல்லீரலின் பொறுப்பு. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு ஒழுங்காகப் போய்விடும். மீதியில் ஒரு பங்கு மட்டும் வழியில் குணம் மாறி ரவுடியாகிவிடும். அதனால் பயமில்லை. ஒவ்வொரு ஈரல் செல்லிலும் குளுட்டாதயோன் என்று ஒரு காவலாள் கூட்டம் நிற்கிறது. ஒரு காவலாள் ஒரு ரவுடியைக் கட்டிப்பிடித்து, அவனோடு சேர்ந்தே வாசலுக்கு வெளியே போய்விடுவான். திரும்பி வரமாட்டான். அளவோடு சாப்பிட்டால் புதுக் காவலாட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அளவு மீறி விழுங்கினால்தான் வம்பு. ரவுடிகள் குவிவார்கள், காவலாட்கள் தீர்ந்துபோவார்கள், செல்லின் சுவர் உடையும். உடைந்த வீட்டின் பாத்திரங்கள் தெருவில் கிடப்பதுபோல, செல்லுக்குள் இருக்க வேண்டிய நொதி ஒன்று ரத்தத்தில் வந்து மிதக்கும். ஒரு சொட்டு ரத்தத்தில் அந்த நொதியை எண்ணினால் எத்தனை வீடு இடிந்தது என்று சொல்லிவிடலாம்.

"காவலாளுங்களுக்குக் கீரை ஒத்தாசை பண்ணுமா? அவ்வளவுதான் என் கேள்வி" என்று முடிப்பாள். கேட்டவர் அதற்குள் டீயைக் குடித்து முடித்திருப்பார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இருபத்துநாலு எலிகள் இருந்தன. ஒரு கூண்டுக்கு இரண்டு பேர், பன்னிரண்டு கூண்டு, மூன்று வரிசை. எட்டு எட்டாக மூன்று கூட்டம். முதல் கூட்டத்துக்கு மாத்திரையும் கிடையாது, கீரையும் கிடையாது. இரண்டாம் கூட்டத்துக்கு மாத்திரை மட்டும். மூன்றாம் கூட்டத்துக்கு இரண்டு வாரம் கீரைச் சாறு, பிறகு மாத்திரை. ஈரல் வாடும், ஆனால் ஒரே வாரத்தில் தானாகத் தேறிவிடும் அளவுக்குத்தான் மாத்திரை. எந்தக் கூண்டு எந்தக் கூட்டம் என்பது அவளுக்கும் அவளுடைய பூட்டிய பெட்டிக்குள் இருந்த ஒரு தாளுக்கும்தான் தெரியும். கூண்டுகளில் வெறும் எண், அதுவும் வரிசை மாற்றிக் கலைத்துப் போட்டது.

இதில் இரண்டாம் கூட்டம்தான் உயிர்நாடி. மாத்திரை மட்டும் தின்ற அந்த எட்டு எலிகளுக்கு நொதி ஏறினால்தான் மூன்றாம் கூட்டத்தில் ஏறாதது கீரையின் கைங்கரியம் என்று சொல்ல முடியும். மழையே பெய்யாத அன்று குடை நனையாமல் காத்தது என்று பெருமை பேச முடியுமா?

விலங்கு அறையைப் பார்த்துக்கொள்பவர் எலியண்ணன். கதவை அடைத்தாற்போல் ஆகிருதி, அடர்ந்த தாடி. இருபது வருடம் லாரி ஓட்டிவிட்டு இந்த வேலைக்கு வந்தவர். எலியின் வாலைப் பிடிக்காமல் உள்ளங்கையைத் தரையில் வைப்பார், அது தானாக ஏறிக்கொள்ளும். கீரைக்காரி அவரை அண்ணே என்பாள், அவர் அவளைத் தங்கச்சி என்பார்.

அந்த அறைக்கு இன்னொருவரும் ஆசைப்பட்டார். எதிர்ப்பக்கம் மீன்களை வைத்து ஆராய்ச்சி செய்கிற மீன்காரர். கீரைக்காரியின் சோதனை இந்த முறையும் தேறாவிட்டால் திங்கட்கிழமை முதல் அறை அவருக்கு என்று ஆய்வுக்கூடத் தலைவர் சொல்லியிருந்தார். எதிரெதிர் வாதங்களைக் கேட்கும்போது இரண்டு உள்ளங்கைகளையும் மேலே தூக்கி எடை பார்ப்பதால் தலைவரம்மாவுக்குத் தராசு என்று பெயர். முடிவு சொல்லும் கூட்டம் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு.

வியாழக்கிழமை மத்தியானம் இயந்திரம் எண்களைக் கக்கியது. கீரைக்காரி தாளை விரித்தாள். முதல் கூட்டம் எல்லாம் நாற்பதை ஒட்டி. நல்லது. மூன்றாம் கூட்டம் நூற்றிருபதை ஒட்டி. ரொம்ப நல்லது. இரண்டாம் கூட்டத்தில் நாலு எலி ஐந்நூறைத் தொட்டிருந்தது. அடுத்த நாலில் மூன்று அறுபது, அறுபத்துநாலு, ஐம்பத்தெட்டு. ஒன்று நூற்றிருபத்தொன்று.

அவள் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

மாத்திரைக் கரைசல் சரியில்லை என்றால் எட்டுப் பேரும் தப்பித்திருக்க வேண்டும். இயந்திரம் பழுது என்றால் எண்கள் கன்னாபின்னாவென்று வந்திருக்க வேண்டும். இது அப்படியில்லை. பாதிப் பேர் இடிந்திருக்கிறார்கள், பாதிப் பேர் நோகாமல் நுங்கு தின்றிருக்கிறார்கள். பெட்டியைத் திறந்து கூண்டு எண்ணைப் பார்த்தாள். தப்பித்த நால்வரும் இரண்டு கூண்டுக்காரர்கள். இரண்டு கூண்டும் கீழ் வரிசை.

அங்கியும் தொப்பியும் மாட்டிக்கொண்டு விலங்கு அறைக்குப் போனாள். வாசலில் மீன்காரர் அளவு நாடாவோடு நின்றுகொண்டிருந்தார்.

"சும்மா அகலம் பாக்கறேன்" என்றார்.

"பாருங்க, பாருங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே தொட்டில் வாங்கற ஆளு நீங்க."

உள்ளே கீழ் வரிசைக்கு எதிரே எலியண்ணனின் நாற்காலி. இரண்டடி தூரம்கூட இல்லை. அவள் முழங்கால் போட்டு, முதல் கூண்டின் வைக்கோலை விரலால் விலக்கினாள். மூலையில் கட்டை விரல் நீளத்துக்கு ஒரு சிவப்புத் தண்டு. பல் பட்ட அடையாளத்தோடு.

"அண்ணே, இது என்ன?"

எலியண்ணன் தண்டைப் பார்த்தார். பிறகு விட்டத்து விளக்கைப் பார்த்தார். "குப்பை."

"என் குப்பை."

"உன் குப்பைதான் தங்கச்சி. நான் எங்க இல்லைன்னேன்?"

"இங்க எப்படி வந்தது?"

"நடந்தா வரும்? நான்தான் கொண்டுவந்தேன்." அவர் தாடியைத் தடவிக்கொண்டார். "தினமும் உன் தொட்டியைக் கொட்டறவன் நான். தளதளன்னு தண்டு. ரெண்டு வாரமா ஒரு வீட்டுக்காரனுக்குச் சாறு வருது, பக்கத்து வீட்டுக்காரன் கம்பியில மூக்கை வெச்சு மோப்பம் பிடிச்சிட்டு நிக்கறான். நீ பாத்திருக்கியா அதை? ஒன்பது மணிக்கு ஊத்திட்டு ஓடிடுவ. நாள் பூரா அதுங்க மூஞ்சியில முழிக்கறது நான்தானே. சாறு வாசம் அடிக்காத கூண்டாப் பாத்து, கைக்கு எட்டினவனுக்குக் குடுத்தேன். அதுல என்ன தப்பு?"

கீழ் வரிசையில் நாலு கூண்டு. ஒன்றில் சாறு குடிக்கும் கூட்டம், அதை அவர் விட்டுவிட்டார். ஒன்றில் மாத்திரையே போகாத முதல் கூட்டம், அங்கே தண்டு தின்றது எண்ணில் தெரியவில்லை. மீதி இரண்டும் இரண்டாம் கூட்டம். எல்லாம் இப்போது அவளுக்குப் பட்டப்பகலாகத் தெரிந்தது. ஒன்றே ஒன்று பாக்கி.

"திங்கட்கிழமை சாயங்காலமுமா குடுத்தீங்க?"

"அன்னைக்குத்தான் ரொம்பப் பாவமா இருந்தது. தீனித் தட்டையெல்லாம் நீ தூக்கிட்டுப் போயிட்ட."

கீரைக்காரி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தட்டைத் தூக்கிக்கொண்டு போனது காரணமாகத்தான். வெறும் வயிற்றில் காவலாட்கள் குறைவு. அதனால்தான் மாத்திரைக்கு முந்தைய நாள் சாயங்காலத்திலிருந்து எல்லா எலிகளையும் ஒரே மாதிரி பட்டினி போடுவது. தின்றவன் ஈரலையும் தின்னாதவன் ஈரலையும் ஒப்பிட்டால் வித்தியாசம் கீரையால் வந்ததா, நிறைந்த வயிற்றால் வந்ததா என்று சொல்லவே முடியாது. கோபம் வந்தது. ஆனால் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அவளுக்குக் கோபம் தங்காது. காவலாள் கதையை முதலிலிருந்து சொன்னாள். எலியண்ணன் இமைக்காமல் கேட்டார்.

"அப்ப," என்றார் கடைசியில், "நான் காவலாளுங்களுக்குச் சாப்பாடு போட்டு வாசல்ல நிறுத்தியிருக்கேன்."

"ஆமா."

"உன் மூணு வருஷத்துக்கும் சேத்து வேட்டு வெச்சிருக்கேன்."

சுவரில் விதிப் பலகை தொங்கியது. மூன்றாவது விதி: அனுமதியின்றி விலங்குகளுக்கு எதுவும் அளிப்பவர் உடனே பணிநீக்கம் செய்யப்படுவார். இருவரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தார்கள், ஒரே நேரத்தில் பார்வையைத் திருப்பினார்கள்.

"சொல்லிடு தங்கச்சி. லாரி எங்கயும் ஓடிப்போகல. என் பொண்டாட்டிதான் பாவம். இருபது வருஷம் கழிச்சு இப்பதான் புருஷன் தினமும் வீட்டுல தூங்கறான்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கா."

"பாக்கலாம்ணே" என்று எழுந்தாள்.

வீட்டுக்குப் போகும் பேருந்தில் நாளைக்குச் சொல்ல வேண்டியதை மனசுக்குள் எழுதிப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் சோதனை கெட்டதற்குக் காரணம் கிடைக்கும், இன்னொரு வாய்ப்புக் கேட்கலாம், அண்ணனுக்கு வேலை போகும். 'காரணம் தெரியவில்லை' என்றால் அண்ணன் இருப்பார், அறை மீனுக்குப் போகும், கீரைக் கேள்வி பதிலில்லாமல் கிடக்கும். போதாக்குறைக்கு அது பொய். மூன்று வருடமாகக் காரணம் தேடுவதையே தொழிலாக வைத்திருப்பவள் காரணம் தெரிந்தும் தெரியாது என்பதா? இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டாள்.

திரும்பி நடக்கும்போது நடைபாதைக் கல் இடுக்கில் பருப்புக்கீரை முளைத்திருந்தது. அதைப் பார்த்ததும்தான் அவளுக்குத் தன் குப்பைத் தொட்டி நினைவுக்கு வந்தது. சோதனைக்கு வரும் செடியின் கழிவை மஞ்சள் பையில் கட்டி முத்திரை வைத்துத்தான் வெளியே அனுப்ப வேண்டும். அதுவும் ஒரு விதி, அதே பலகையில் ஐந்தாவது. மஞ்சள் பை வைத்திருந்த அலமாரி ஒரு மாடி மேலே. ஏறச் சோம்பல்பட்டு, ஒரு வருடமாகச் சாதாரணத் தொட்டியில்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி. நீண்ட மேசையின் தலைமாட்டில் தராசு. எதிரே மீன்காரர், சட்டைப் பையில் அளவு நாடா. கீரைக்காரி எண்களைக் காட்டினாள். தராசு கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"நாலு எலி தப்பிச்சிருக்கே, எப்படி?"

"கீரைத் தண்டு தின்னுருச்சு மேடம். தப்பு என்னோடது. கழிவை முத்திரை வெச்ச பையில போடாம சும்மா தொட்டியில போட்டேன். ஒரு வருஷமா."

"சரி. தொட்டி கால் முளைச்சு விலங்கு அறைக்குப் போச்சா?"

கீரைக்காரி வாயைத் திறந்தாள். அப்போது கதவு தட்டப்பட்டது. தட்டியது என்ன, இடி விழுந்தது. சலவைச் சட்டை போட்டு, தாடியைச் சீவி, கையில் நாலாக மடங்கிய ஒரு நோட்டோடு எலியண்ணன் நின்றார்.

"கால் முளைச்ச தொட்டி நான்தான் மேடம்."

"நான் சொல்லிட்டிருக்கேன்ல அண்ணே" என்றாள் கீரைக்காரி.

"நீ உன் தப்பைச் சொல்லு, என் தப்பை நான் சொல்லிக்கறேன். என்னத்துக்கு என்னோடதையும் தூக்கற?"

தராசு இரண்டு கைகளையும் உயர்த்தினார். எடை பார்க்க அல்ல, நிறுத்தச் சொல்லி. "ரெண்டு பேரும் தப்பைப் பந்தி வெச்சுப் பரிமாறினது போதும். அது என்ன நோட்டு?"

எலியண்ணன் தலையைச் சொறிந்தார். "லாரிப் பழக்கம் மேடம். வண்டிக்கு எங்க டீசல் போட்டோம், எவ்வளவு போட்டோம்னு எழுதலைன்னா முதலாளி தோலை உரிச்சிடுவாரு. அதே மாதிரி யாருக்கு எத்தனை தண்டுன்னு எழுதிட்டு வந்தேன். எடை போடற தட்டு பக்கத்துலயே இருக்கறதால நிறுத்தும் போட்டேன்."

தராசு நோட்டை வாங்கிப் பிரித்தார். பதினைந்து நாள். ஒவ்வொரு நாளும் கிராம் கணக்கில். எலிகளின் வாலில் போட்ட மை வளையத்தை வைத்து ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர். சோம்பேறி, பங்காளி, சீமாட்டி, மூக்கன். பக்கங்களைப் புரட்டப் புரட்ட அவர் முகத்தில் இருந்த இறுக்கம் போய், புதுப் பலகாரத்தைப் பார்த்த பிள்ளையின் முகம் வந்தது. பிறகு சட்டென்று கண்ணாடியைத் தூக்கிக்கொண்டார்.

"ஆனா பட்டினி அன்னைக்கும் குடுத்திருக்கீங்க. அறுபதுன்னு வந்தது கீரையாலயா, வயிறு நிறைஞ்சதாலயா? யாரு சொல்றது?"

"சொல்ல முடியாது மேடம்" என்றாள் கீரைக்காரி. நேர்மையான பதில் அதுதான். மீன்காரரின் கை சட்டைப் பைக்குப் போயிற்று.

எலியண்ணன் மேசைமேல் குனிந்து கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார். "அன்னைக்கு மூக்கன் மட்டும் சாப்பிடல."

"என்னது?"

"பங்காளியும் சோம்பேறியும் முழுசா காலி பண்ணிட்டாங்க. சீமாட்டி தன் பங்கையும் தின்னு, மூக்கன் பங்கையும் பிடுங்கித் தின்னுட்டா. மூக்கன் கோவிச்சுக்கிட்டு மூலையில சுருண்டு படுத்துட்டான். தொடவே இல்ல. நான் நாற்காலியில உக்காந்து பாத்துட்டே இருந்தேன், மனசு கேக்கல. இதோ எழுதியிருக்கேன், மூக்கன், பூஜ்யம்."

கீரைக்காரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "மூக்கன் வால்ல எத்தனை வளையம்ணே?"

"மூணு."

அவள் தாளில் விரலை ஓட்டினாள். மூன்று வளையம். நூற்றிருபத்தொன்று. வியாழக்கிழமை முழுக்க ஒட்டாமல் நின்ற அந்த ஒற்றை எண். இரண்டு வாரம் தண்டு தின்று, பட்டினி நாளில் மற்றவர்களைப் போலவே ஒழுங்காகப் பட்டினி கிடந்தவன், சாறு குடித்த மூன்றாம் கூட்டம் நின்ற அதே படியில் வந்து நின்றிருந்தான். அவள் இதைச் சொல்லச் சொல்ல வார்த்தைகள் ஒன்றின் காலை ஒன்று மிதித்தன. மீன்காரர்கூட எட்டிப் பார்த்தார்.

"அப்ப தண்டே போதுமா?" என்றார். "நான் கீரையைத் தின்னுட்டு எத்தனை வலி மாத்திரை வேணாலும் போட்டுக்கலாமா?"

"போடாதீங்க சார்" என்றாள் கீரைக்காரி. "நீங்க எலி இல்ல. அட்டையில என்ன அளவு போட்டிருக்கோ அதுதான் அளவு. நாங்க என்ன கண்டுபிடிச்சாலும் அதுதான் அளவு."

"ஒரு எலி," என்றார் தராசு, இடது கையைத் தூக்கி, "நிரூபணம் ஆகாது."

"ஆகாது மேடம்."

"ஆனா நல்ல கேள்வி ஆகும்." வலது கை ஏறியது. ஏறி, நின்றது. "தண்டுக்குன்னு தனியா நாலாவது கூட்டம் போடு. முப்பத்திரண்டு எலி, மூணு மாசம். தண்டு தின்னாலும் பட்டினி நாள்ல எல்லாரும் பட்டினி. மீனுக்குப் பாதி அறை."

மீன்காரர் அளவு நாடாவை வெளியே எடுத்தார். "பாதின்னா ஜன்னல் பக்கம் எனக்கு. அண்ணன் என் மீனுக்குப் பாவப்படக் கூடாது."

"மீன் மூஞ்சியில எனக்கு ஒண்ணும் புரியாது சார்" என்றார் எலியண்ணன். "கவலைப்படாதீங்க."

"உங்க விஷயத்துக்கு வரேன்" என்று தராசு அவர் பக்கம் திரும்பினார். எலியண்ணன் சலவைச் சட்டையின் பித்தானைப் பிடித்துக்கொண்டு நின்றார். "விதிப்படி உங்களை அனுப்பணும். இவளையும் விதிப்படி ஏதாவது பண்ணணும். ரெண்டு பேரையும் அனுப்பிட்டா இந்த நோட்டுல இருக்கறதை யாரு திருப்பிச் செய்யறது? எழுத்து மூலமா ரெண்டு பேருக்கும் எச்சரிக்கை. நாலாவது கூட்டத்துக்குத் தண்டு நிறுக்கறது, குடுக்கறது, எழுதறது எல்லாம் இனிமே உங்க வேலை. அதுக்கு மேல ஒரு தண்டனை உண்டு."

"சொல்லுங்க மேடம்."

"எலிகளுக்குப் பேர் வைக்கக் கூடாது. பேர் வெச்சா பாசம் வரும், பாசம் வந்தா தண்டு வரும். எண் மட்டும்தான்."

வேலை போயிருந்தால்கூட எலியண்ணனின் முகம் அவ்வளவு வாடியிருக்காது. இருந்தாலும் தலையாட்டினார்.

மூன்று வாரம் கழித்துப் புது எலிகள் வந்தன. அறையின் நடுவில் தடுப்பு எழும்பியிருந்தது. ஜன்னல் பக்கம் மீன் தொட்டிகள் குமிழி விட்டன. கீரைக்காரி மஞ்சள் பையைத் தன் மேசையிலேயே ஒட்டி வைத்திருந்தாள். தண்டுகளை ஒரே நீளமாக வெட்டி, எடை போட்டு, மூடிபோட்ட டப்பாவில் கீழே எடுத்துவந்தபோது எலியண்ணன் நாற்காலியில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நாற்காலி இப்போது கூண்டுகளிலிருந்து பத்தடி தள்ளிப் போடப்பட்டிருந்தது. தள்ளிப் போட்டது அவரேதான்.

"பேர் ஏதும் வைக்கலையே அண்ணே?"

"சத்தியமா இல்ல தங்கச்சி. பதினேழுன்னுதான் கூப்பிடறேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "பதினேழு."

கீழ் வரிசையில் கம்பியில் மூக்கை வைத்திருந்த ஒரு எலி சட்டென்று அவர் பக்கம் திரும்பிப் பார்த்தது.

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?" என்றார் எலியண்ணன்.